நைட்ரஜனை நிறுத்தினா எண்ணெய் கூடுது, ஈபிஏ ஏன் இறங்குது?

பச்சைக்குடுவை · ஜனவரி 9, மாலை 6:12

ஈபிஏங்கிற ஒமேகா-3 கொழுப்பு அமிலத்துக்காக நானோகுளோரோப்சிஸ்ங்கிற கடல் நுண்பாசி வளர்க்கிறேன். 20 லிட்டர் தூண், எஃப்/2 மீடியம் (பாசிக்கான ஊட்டக் கரைசல்), வெள்ளை எல்ஈடி, சாதாரண ஏர் பம்ப். நைட்ரஜனைப் பட்டினி போட்டா கொழுப்பு ஏறும்னு எங்க பார்த்தாலும் எழுதியிருக்கு. போட்டேன், மொத்தக் கொழுப்பும் ஏறிச்சு. ஆனா ஜிசி (கேஸ் குரோமடோகிராஃபி) ரிப்போர்ட்டைப் பார்த்தா, கொழுப்பு அமிலங்களில் கால் பங்குக்கு மேல இருந்த ஈபிஏ பத்தில் ஒரு பங்குக்குக் கீழ போயிருக்கு. ஸ்ட்ரெயின் கெட்டுப்போச்சா, ஜிசி தப்பா?

கொழுப்புக்கணக்கு · ஜனவரி 9, இரவு 9:40

இரண்டும் இல்லை. நானோகுளோரோப்சிஸ் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது.

ஈபிஏ அதற்குச் சேமிப்புக் கொழுப்பு இல்லை, சவ்வுக் கொழுப்பு. பெரும்பகுதி ஒளிச்சேர்க்கை நடக்கும் தைலகாய்டு சவ்வின் காலக்டோலிப்பிடு என்ற கொழுப்புகளில் உட்கார்ந்திருக்கும். நைட்ரஜன் தீர்ந்ததும் புரதமும் பச்சையமும் கட்ட முடியாது. ஒளியில் பிடித்த கார்பன் போக்கிடம் இல்லாமல் டிரைகிளிசரைடாக, அதாவது சேமிப்புக் கொழுப்பாகக் குவியும். அந்த டிரைகிளிசரைடில் இருப்பது பெரும்பாலும் பால்மிடிக், பால்மிடோலெயிக், அதாவது 16 கார்பன் சங்கதி. கூடவே பழைய தைலகாய்டும் கழற்றப்படுகிறது. ஆக ஈபிஏ ஒரு பக்கம் நீர்த்துப்போகிறது, இன்னொரு பக்கம் கொஞ்சம் குறையவும் செய்கிறது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஊட்டமுள்ள செல்லில் 1 கிராம் உலர் எடைக்கு 120 மில்லிகிராம் கொழுப்பு அமிலம், அதில் 27 சதவீதம் ஈபிஏ என்றால் 32 மில்லிகிராம். பட்டினிச் செல்லில் 300 மில்லிகிராம், அதில் 9 சதவீதம் என்றால் 27 மில்லிகிராம். சதவீதத்தைப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்த மாதிரி இருக்கும். ஒரு கிராம் செல்லுக்கு எவ்வளவு என்று பார்த்தால் சரிவு சிறியது. உண்மையான அடி வளர்ச்சியில்தான் விழுகிறது. ஒரு நாளைக்கு லிட்டருக்கு 0.2 கிராம் வளர்ந்தது 0.08 ஆனால், ஈபிஏ விளைச்சல் 6.4 மில்லிகிராமிலிருந்து 2.2 ஆகிவிடும்.

லிட்டருக்கு, நாளுக்கு, எத்தனை மில்லிகிராம் ஈபிஏ. இந்த எண்ணை எழுதாமல் "கொழுப்பு இத்தனை சதவீதம்" என்று மட்டும் எழுதும் எதையும் நான் நம்புவதில்லை. பட்டினி வைத்தியம் பயோடீசல் காலத்துச் சரக்கு. அவர்களுக்கு 16 கார்பன் போதும், நமக்குப் போதாது.

நொதிகலன் · ஜனவரி 9, இரவு 11:05

மேல சொன்னது ஈபிஏவுக்கு. டிஹெச்ஏங்கிற இன்னொரு ஒமேகா-3க்கு ஷைசோகைட்ரியம்ங்கிற கடல் நுண்ணுயிர் வளர்க்கிறவங்க இதைப் படிச்சிட்டு நைட்ரஜனை அள்ளிக் கொட்டிடாதீங்க. அங்க கதை நேரெதிர். டிஹெச்ஏ சேமிப்புக் கொழுப்பிலேயே, டிரைகிளிசரைடிலேயே உட்காரும். நைட்ரஜனை நிறுத்துறதுதான் அங்க முழு வேலையே.

ஒழுங்கு இப்படி: முதல் கட்டத்துல அம்மோனியா நீரை வச்சே பிஎச் பிடிக்கிறது, அதுவே நைட்ரஜன் தீனியும். செல் எண்ணிக்கை வேண்டிய அளவு வந்ததும் அம்மோனியாவை நிறுத்தி சோடியம் ஹைட்ராக்சைடுக்கு மாத்தணும். குளுக்கோஸ் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். செல் பெருகறதை நிறுத்திட்டு வீங்கும். மொத்தம் நாலைந்து நாள். நல்லா ஓடுற தொட்டியில லிட்டருக்கு 100 கிராம் உலர் எடை தாண்டும், அதுல பாதிக்கு மேல எண்ணெய், எண்ணெய்ல ஏறக்குறைய 40 சதவீதம் டிஹெச்ஏ. வெளிச்சமே வேணாம். பச்சையம் கிடையாது, கண்டிப்பா சொன்னா பாசி இனமே கிடையாது, திராஸ்டோகைட்ரிட் கூட்டம். லேபிள்ல "பாசி எண்ணெய்"னு போட்டாச்சு, இனி அது பாசிதான்.

வடிகட்டி · ஜனவரி 10, காலை 7:30

பட்டினி போட்டால் கொழுக்கிற ஜீவன் உலகத்துல இது ஒண்ணுதான் போல. டயட் இருக்கிறவங்க யாரும் இந்த இழையைப் பார்த்துடக் கூடாது.

உப்புநீர் · ஜனவரி 10, காலை 8:15

பச்சைக்குடுவை, நீங்கள் பட்டினி போடுவதற்கு முன்பே உங்கள் தூண் பட்டினியில்தான் இருந்திருக்கும். எஃப்/2 கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

லிட்டருக்கு 75 மில்லிகிராம் சோடியம் நைட்ரேட். அதில் நைட்ரஜன் 16.5 சதவீதம், அதாவது 12.4 மில்லிகிராம். செல்லில் நைட்ரஜன் 7 சதவீதம் என்று வைத்தால் அது 0.18 கிராம் உலர் எடையோடு முடிந்துவிடும். பாஸ்பரஸ் அதைவிட இறுக்கம். 5 மில்லிகிராம் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட்டில் பாஸ்பரஸ் 1.1 மில்லிகிராம்தான். செல்லுக்கு 1 சதவீதம் என்றால் 0.11 கிராமுக்கு மேல் தாங்காது. நுண்பாசி பாஸ்பரஸைப் பாதியாகக் குறைத்துக்கொண்டும் ஓட்டும் என்பதால் கொஞ்சம் நீளும், அவ்வளவே.

எஃப்/2 என்பது 1962இல் கில்லார்டும் ரைதரும் கொடுத்த எஃப் மீடியத்தின் பாதிச் செறிவு. கல்ச்சரை உயிரோடு வைத்திருக்க அருமையான மீடியம், விளைச்சல் எடுக்க இல்லை. லிட்டருக்கு 2 கிராம் வேண்டும் என்றால் 140 மில்லிகிராம் நைட்ரஜன் வேண்டும், அதாவது 850 மில்லிகிராம் சோடியம் நைட்ரேட். பாஸ்பேட் 90 மில்லிகிராம் அளவுக்கு. இரும்பையும் சுவடுத் தனிமங்களையும் சேர்த்தே ஏற்றுங்கள். இரும்பை ஈடிடிஏவோடு (உலோகத்தைக் கரைசலில் பிடித்துவைக்கும் பொருள்) மட்டும் போடுங்கள், இல்லையென்றால் துருவாகிப் படிந்துவிடும்.

பச்சைக்குடுவை · ஜனவரி 10, மதியம் 1:02

850ஐயும் ஒரே நாள்ல கொட்டலாமா? நைட்ரேட்டுக்குப் பதிலா யூரியா, அமோனியம் சல்ஃபேட்? விலை குறைவு.

உப்புநீர் · ஜனவரி 10, மதியம் 2:20

நைட்ரேட்டை ஒரே தடவை கொட்டலாம், நானோகுளோரோப்சிஸ் தாங்கும். பாஸ்பேட்டைக் கொட்டாதீர்கள். பிஎச் 9க்கு மேல் ஏறினால் கடல்நீரின் கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து வெள்ளையாக அடியில் இறங்கிவிடும், செல்லுக்குக் கிடைக்காது. மூன்று நான்கு தவணையாகப் பிரியுங்கள். ஆட்டோகிளேவ் செய்கிறீர்கள் என்றால் பாஸ்பேட்டையும் இரும்பையும் தனித்தனிக் குப்பியில் கிருமிநீக்கி, ஆறிய பிறகு சேருங்கள்.

அமோனியம் வேண்டாம். பிஎச் 9.25இல் அமோனியத்தில் சரிபாதி அமோனியாவாக மாறி நிற்கும், செல்லுக்கு அது நஞ்சு. பிஎச்சைக் கட்டுப்படுத்தக் கருவி இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், இல்லையென்றால் ஒரு மதிய வெயிலில் முடிந்துவிடும். நைட்ரேட்டை உறிஞ்சும்போது பிஎச் தானாக ஏறும், அமோனியத்தை உறிஞ்சும்போது இறங்கும். நைட்ரேட் வைத்தால் கார்பன் டை ஆக்சைடு ஊதி இறக்கிக்கொள்ளலாம், ஒரு கல்லில் இரண்டு வேலை. 7.5க்கும் 8.5க்கும் நடுவில் நிறுத்துங்கள். யூரியா ஓடும், ஆனால் பாக்டீரியாவும் அதை அமோனியாவாக உடைக்கும் என்பதால் அளவு தவறினால் அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

கொழுப்புக்கணக்கு · ஜனவரி 10, இரவு 8:50

கார்பன் டை ஆக்சைடு என்று சொன்னதால் ஒன்று. செல்லில் பாதி கார்பன், எனவே 1 கிராம் உலர் எடைக்கு 1.83 கிராம் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். 1 கன மீட்டர் காற்றில் இருப்பது முக்கால் கிராம்தான். 20 லிட்டர் தூண், நாளுக்கு லிட்டருக்கு 0.2 கிராம் வளர்ச்சி என்றால் நாளுக்கு 7.3 கிராம் தேவை. கிட்டத்தட்ட 10 கன மீட்டர் காற்று, அதுவும் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஒரு துளி தப்பாமல் பிடிபட்டால். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஊதும் பம்ப் நாளெல்லாம் ஓடினாலும் 7.2 கன மீட்டர்தான். வெறும் ஏர் பம்ப்போடு நைட்ரேட்டைப் பத்து மடங்காக்கினால் பசி இடம் மாறும், அவ்வளவுதான். சிலிண்டர், ரெகுலேட்டர், பிஎச் கன்ட்ரோலரில் கட்டிய சோலனாய்டு வால்வு. இதைத் தவிர்க்கக் குறுக்குவழி இல்லை.

அடுத்த தடை ஒளி. லிட்டருக்கு 1 கிராமைத் தாண்டினால் சுவரோரச் செல் நடுச் செல்லுக்கு வெளிச்சம் விடாது. அதனால் முழுத் தொட்டியையும் ஒரே அறுவடையாக எடுப்பதைவிட, தினம் 20 அல்லது 30 சதவீதம் எடுத்துப் புது மீடியம் ஊற்றுவது ஈபிஏவுக்கு நல்லது. செல் எப்போதும் வளரும் நிலையில் இருக்கும், சவ்வு நிறைய இருக்கும், ஈபிஏ அங்கேதான்.

அரைவேக்காடு · ஜனவரி 11, காலை 10:00

நொதிகலனுக்கு ஒரு கேள்வி. டிஹெச்ஏவில் 6 இரட்டைப் பிணைப்பு. ஒவ்வொன்றையும் போட டீசாச்சுரேஸ் நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும். அப்படியானால் கொழுப்புக் கட்டத்தில் காற்றைக் கூட்டினால் டிஹெச்ஏ கூடும், இல்லையா?

நொதிகலன் · ஜனவரி 11, மதியம் 12:35

செடிக்கும் மத்த பாசிக்கும் அது சரி. ஷைசோகைட்ரியத்துக்கு இல்ல. அது டிஹெச்ஏவைக் கட்டுறது பாலிகீடைடு சின்தேஸ்ங்கிற வேற நொதி வழி. சங்கிலி நீளும்போதே இரட்டைப் பிணைப்பை உள்ள விட்டு நீட்டிடும், ஆக்சிஜன் மூலக்கூறு வேணாம். 2001ல சயின்ஸ் இதழ்ல வந்தது. அதனாலதான் கொழுப்புக் கட்டத்துல கரைந்த ஆக்சிஜனை இறக்கி ஓட்டறாங்க, டிஹெச்ஏ பங்கு ஏறும். 14, 16 கார்பன் நிறைவுற்ற கொழுப்பு தனிப் பாதைல வருது.

ஆனா வளர்ச்சிக் கட்டத்துல ஆக்சிஜன் விழுந்தா அவ்வளவுதான். லிட்டருக்கு 100 கிராம் செல் மூச்சு விட்டா கலக்கியும் குளிரூட்டியும்தான் முதல்ல கையை விரிக்கும். நுரை வந்துச்சுன்னு நுரையடக்கியை ஊத்துவாங்க, அது குமிழிகளை ஒண்ணாச் சேர்த்து ஆக்சிஜன் கரையறதைக் குறைக்கும், உடனே கலக்கியை ஏத்துவாங்க, மறுபடி நுரை. சொட்டுச் சொட்டா விடுங்க.

சர்க்கரைக் கணக்கையும் முன்னாடியே போட்டுக்கணும். லிட்டருக்கு 50 கிராம் எண்ணெய்க்கு, தியரிப்படி 1 கிராம் குளுக்கோஸ்ல மூணுல ஒரு பங்குதான் எண்ணெய்னு வச்சாலே 150 கிராம் போகும். மீதி 50 கிராம் செல்லுக்கு இன்னொரு 100. மூச்சுக்கும் மத்ததுக்கும் சேர்த்து 300 கிட்ட வரும். அதை மெலிசான சிரப்பா விட்டா தொட்டி நிரம்பி வழியும். லிட்டருக்கு 750 கிராம் சிரப் வச்சா 400 மில்லி. ஆக, கடைசில 1 லிட்டர் வேணும்னா 600 மில்லில ஆரம்பிக்கணும். தொட்டியில குளுக்கோஸ் 10லிருந்து 30 கிராமுக்குள்ள நிக்கட்டும்.

உப்புநீர் · ஜனவரி 11, மாலை 5:10

ஒன்று விட்டுப்போயிற்று. கடல் உயிரி என்று சோடியம் குளோரைடைப் போட்டுத் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் ஓட்டாதீர்கள். குளோரைடு, சூடு, கிருமிநீக்க நீராவி மூன்றும் சேர்ந்தால் எஃகில் குழி விழும். ஷைசோகைட்ரியத்துக்கு வேண்டியது சோடியம், குளோரைடு இல்லை. சோடியம் சல்ஃபேட்டில் நன்றாக வளரும். அந்த மாற்றம் வந்த பிறகுதான் இது தொழிற்சாலைக்கே போனது.

வடிகட்டி · ஜனவரி 11, மாலை 5:48

இத்தனை தலைவலிக்கு ஸ்பைருலினா மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் ஆகாதா? அதிலும் ஒமேகா என்று எழுதியிருக்கிறதே.

கொழுப்புக்கணக்கு · ஜனவரி 11, மாலை 6:30

ஸ்பைருலினாவில் இருப்பது காமா லினோலெனிக், அது ஒமேகா-6. ஈபிஏ, டிஹெச்ஏ சொல்லும்படி இல்லை. குளோரெல்லாவில் ஆல்ஃபா லினோலெனிக், ஒமேகா-3தான், ஆனால் 18 கார்பனோடு நிற்கும். உடம்பு அதை ஈபிஏ ஆக்குவது சில சதவீதம்தான், டிஹெச்ஏ ஆவது அதிலும் சொற்பம். "ஒமேகா" என்ற சொல்லை விட்டுவிட்டு, ஈபிஏ எத்தனை மில்லிகிராம், டிஹெச்ஏ எத்தனை மில்லிகிராம் என்று லேபிளில் தேடுங்கள்.

பெரியவர்களுக்கு இரண்டும் சேர்த்து நாளுக்கு 250 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் சொன்ன அளவு. அதை வைத்து இரண்டு வழியையும் அளந்து பாருங்கள். நானோகுளோரோப்சிஸில் கிராமுக்கு 30 மில்லிகிராம் என்றால் 8.3 கிராம் உலர்பொடி. குளத்தில் லிட்டருக்கு 0.4 கிராம் அடர்த்தி என்றால் 21 லிட்டர் தண்ணீரை மையவிலக்கில் சுற்ற வேண்டும், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு. ஷைசோகைட்ரியத்தில் லிட்டருக்கு 20 கிராம் டிஹெச்ஏ என்றால், அதே 250 மில்லிகிராமுக்கு 12.5 மில்லி போதும். சந்தையில் பாசி டிஹெச்ஏ முதலில் வந்ததற்கும் பாசி ஈபிஏ இன்னும் மூச்சு வாங்குவதற்கும் பெரும் காரணம் இந்த இரண்டு எண்கள்தான்.

நொதிகலன் · ஜனவரி 11, இரவு 9:15

அந்த 12.5 மில்லிக்குப் பின்னாடி சர்க்கரை இருக்கு, சர்க்கரைக்குப் பின்னாடி வயல் இருக்கு, அதையும் கணக்குல சேருங்க. குழந்தைப் பால்மாவுக்குப் போன முதல் பாசி டிஹெச்ஏ ஷைசோகைட்ரியம்கூட இல்ல, கிரிப்தெகோடினியம் கோனிங்கிற நுண்பாசி. மார்டெக் கம்பெனி சரக்கு, அமெரிக்காவில 2001ல எஃப்டிஏ (உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஆட்சேபணை இல்லன்னு சொன்னது. நிதானமா வளரும், கலக்கி வேகத்தைத் தாங்காது, ஆனா எண்ணெய்ல டிஹெச்ஏ தவிர வேற பலநிறைவுறா அமிலம் பேருக்குத்தான் இருக்கும். ஷைசோகைட்ரியத்துல டிபிஏங்கிற ஒமேகா-6 அமிலமும் கூடவே வரும்.

எண்ணெய்ச்சொட்டு · ஜனவரி 13, காலை 6:55

வளர்ப்பு பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சரக்கு பாழாவது பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகுதான்.

ஃபியோடாக்டைலம், ஐசோகிரைசிஸ் மாதிரி எளிதில் உடையும் நுண்பாசிச் செல்களின் ஈர விழுதை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் செல்லின் லிபேஸ் நொதி கொழுப்பைத் தின்று தனிக் கொழுப்பு அமிலமாக்கிவிடும். சுத்திகரிப்பில் அதெல்லாம் சோப்பாகப் போகும். விழுதை எடுத்தவுடன் சில நிமிடம் 75 அல்லது 80 டிகிரிக்குச் சூடாக்கி நொதியை அடக்குங்கள், அல்லது உடனே உலர்த்துங்கள். நானோகுளோரோப்சிஸ் முழுச் செல்லாக இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். உடைத்த பிறகு அதுவும் அப்படியே.

உடைப்பது தனிப் பாடு. 2லிருந்து 4 மைக்ரான் செல், செல்லுலோஸ் சுவர், அதற்கு மேல் ஆல்கேனன் என்ற கெட்டியான பூச்சு. அல்ட்ராசோனிக் குளியலில் அரை மணி வைத்துவிட்டு "உடைந்தது" என்று எழுதுபவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதில்லை. 1,000 பாருக்கு மேல் ஹோமோஜினைசரில் பல சுற்று, அல்லது அரை மில்லிமீட்டருக்குக் கீழான சிர்கோனியா மணி போட்ட அரைவை. சுற்றுக்குச் சுற்று குளிரவையுங்கள். ஷைசோகைட்ரியச் சுவர் அவ்வளவு முரடு இல்லை. கார பிஎச்சில் 55 டிகிரி போல வைத்துப் புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் நொதியை விட்டால் கரைந்துவிடும், ஹெக்சேன் இல்லாமலே எண்ணெயை மையவிலக்கில் பிரிக்கலாம். அங்கே தகராறு செய்வது பால்மம். புரதமும் பாஸ்போலிப்பிடும் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு தயிர் போல் நடுவில் நிற்கும். உப்பும் சூடும் கொடுத்துப் பொறுமையாக உடைக்க வேண்டும், வேகமாகக் கலக்கினால் இன்னும் இறுகும்.

அறுவடையில் செல்லைத் திரளவைக்கப் படிகாரம், ஃபெரிக் குளோரைடு என்று யாராவது சொல்வார்கள். உண்ணும் எண்ணெய்க்கு இரும்பைத் தொடாதீர்கள், ஆக்சிஜனேற்றத்தை அதுவே தூண்டும். கைட்டோசான் நன்னீரில் ஜோராக வேலை செய்யும், கடல்நீரில் உப்பு அதன் மின்னூட்டத்தை மறைத்துவிடும்.

எண்ணெய்ச்சொட்டு · ஜனவரி 13, காலை 7:40

ஆக்சிஜனேற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு இரட்டைப் பிணைப்புக்கு நடுவே மாட்டிய மெத்திலீன் ஈபிஏவில் நான்கு, டிஹெச்ஏவில் ஐந்து. சங்கிலி அங்கேதான் அறுபடத் தொடங்கும். எண்ணெய் எவ்வளவு கெட்டது என்று அளக்கும் எண்களில் பெராக்சைடு எண் 5, அனிசிடின் எண் (ஆல்டிஹைடின் அளவு) 20, டோட்டாக்ஸ் 26 என்பது ஒமேகா-3 தொழில்துறை தனக்கு வைத்துக்கொண்ட உச்சவரம்பு. டோட்டாக்ஸ் என்றால் பெராக்சைடை இரண்டால் பெருக்கி அனிசிடினைக் கூட்டுவது. பெராக்சைடு மட்டும் குறைவாக இருக்கிறது என்று மகிழ வேண்டாம். அது ஏறி, உச்சம் தொட்டு, ஆல்டிஹைடாக உடைந்து இறங்கும். நன்றாகக் கெட்ட எண்ணெயிலும் பெராக்சைடு அழகாகத்தான் இருக்கும்.

நாற்றம் நீக்கும்போது சமையல் எண்ணெய்க்கு வைக்கிற 230, 240 டிகிரி இங்கே ஆகாது. டிரான்ஸ் வடிவமும் பாலிமரும் உண்டாகும். 180க்குக் கீழே, நல்ல வெற்றிடத்தில் முடிக்க வேண்டும். பிறகு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க டோகோஃபெரால் கலவை, அஸ்கார்பில் பால்மிடேட், நைட்ரஜன் மூட்டம், இருட்டு. பச்சையம் மிஞ்சிய நானோகுளோரோப்சிஸ் எண்ணெய் என்றால் இருட்டு கட்டாயம். வெளிச்சம் பட்டால் பச்சையமே ஆக்சிஜனைச் சீண்டிவிடும்.

வடிகட்டி · ஜனவரி 13, காலை 9:20

நிறமுள்ள எண்ணெயில் அனிசிடின் எண் பொய் சொல்லும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 350 நானோமீட்டரில் கரோட்டினாய்டும் உறிஞ்சும். வண்ணமில்லாச் சரக்குக்கு வைத்த வரம்பை அப்படியே பச்சை எண்ணெய்க்குப் பொருத்தி, சரக்கு கெட்டது என்று கொட்டிவிடாதீர்கள்.

பச்சைக்குடுவை · ஜனவரி 16, இரவு 7:25

சோலனாய்டு மாட்டியாச்சு, நைட்ரேட் 850, பாஸ்பேட் தவணை, தினம் கால் பங்கு அறுவடை. கல்ச்சர் கரும்பச்சையா நிக்குது. ஆனா உலர் எடை அளந்தா ஓடிக்கு (ஒளியடர்த்தி அளவீடு) ஒத்துப்போகல, எடை எப்பவும் கூட வருது.

கொழுப்புக்கணக்கு · ஜனவரி 16, இரவு 10:10

கூட வருவது உப்பு. 100 கிராம் ஈர விழுதில் 20 கிராம் செல், 80 கிராம் கடல்நீர் என்றால் அந்த நீரோடு 2.8 கிராம் உப்பு தங்கும். தராசு 22.8 காட்டும், எட்டில் ஒரு பங்கு உப்பு. கண்ணாடி இழை வடிகட்டியில் பிடித்த செல்லை 0.5 மோலார் அமோனியம் ஃபார்மேட்டில் இரண்டு தடவை கழுவுங்கள். செல் வெடிக்காது, உலர்த்தும்போது ஃபார்மேட் ஆவியாகிப் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் கழுவினால் செல்லே உடைந்து எடை குறையும்.

ஓடியை 680 நானோமீட்டரில் எடுக்காதீர்கள். அங்கே பச்சையமும் சேர்ந்து அளக்கப்படும், நைட்ரஜன் கூடினாலே பச்சையம் கூடும். 750இல் எடுங்கள். கொழுப்பை எடைபோட்டு அளப்பதையும் விட்டுவிடுங்கள், குளோரோஃபார்மில் பச்சையமும் சேர்ந்து கரைகிறது. உலர்ந்த செல்லையே அமில மெத்தனாலில் நேரடியாக மெத்தில் எஸ்டராக்கி, தொடங்கும்போதே 23 கார்பன் கொழுப்பு அமிலத்தை உள்தரமாக (ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த அளவு) எடைபோட்டுச் சேர்த்து ஜிசிக்கு அனுப்புங்கள். உள்தரம் போடாத ரிப்போர்ட்டில் சதவீதம் மட்டும்தான் வரும். உங்கள் முதல் ரிப்போர்ட் அந்த வகைதான்.

பச்சைக்குடுவை · ஜனவரி 17, காலை 6:40

17 கார்பன் உள்தரம்தான் கையில இருக்கு. ஆகுமா? அப்புறம் இந்த விழுதைத் தின்னு பார்க்கலாமா?

கொழுப்புக்கணக்கு · ஜனவரி 17, காலை 8:05

17 ஆகும், ஆனால் உள்தரம் சேர்க்காத ஒரு சாம்பிளை முதலில் ஓட்டி அந்த இடம் காலியா என்று பாருங்கள். பாக்டீரியா கலந்த கல்ச்சரில் ஒற்றைப்படை அமிலம் கொஞ்சம் இருக்கும்.

எண்ணெய்ச்சொட்டு · ஜனவரி 17, காலை 8:30

தின்ன வேண்டாம். மூடாத தூணில் என்ன பாக்டீரியா கூடி வளர்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, உரத் தர உப்பு போட்டிருந்தால் கன உலோகமும் செல்லுக்குள் ஏறியிருக்கும். உடைக்காத செல்லில் பெரும்பகுதி வந்த வழியே வெளியே போய்விடும் என்பது வேறு. ஜிசி சாம்பிளை மட்டும் உறைய வைத்து உலர்த்தி, ஆர்கான் ஊதி மூடி, மைனஸ் 80இல் வையுங்கள்.